இளவழகன் கட்டிக்கொண்ட கயிறு

எங்கள் குடும்பத்தில் முதல் பெர்மனென்ட் என் தம்பி இளவழகன்தான். நெய்வேலிக்காரர்களுக்கு இது போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்தில் கான்ட்ராக்டரிடம் கூலி வாங்குகிறவர்கள் ஒரு வகை. கம்பெனியே சம்பளமும் குவார்ட்டர்ஸும் மருத்துவமும் கொடுக்கும் பெர்மனென்ட் ஆட்கள் இன்னொரு வகை. எங்கள் அப்பா பெரியண்ணன் அடுத்தவர் நிலத்தில் கதிர் அறுத்தார், பிறகு சுரங்கத்துக்கு கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார், கான்ட்ராக்ட் ஆளாகவே செத்தார். நான் பத்தாவதோடு நின்று, சுரங்க கேன்டீனில் கான்ட்ராக்டில் பரிமாறுகிறேன். தம்பி ஐ.டி.ஐ. படித்து, அப்ரன்டிஸ் முடித்து, காத்திருந்து பெர்மனென்ட் ஆனான். ஆர்டர் வந்த அன்று அம்மா சாமியம்மாள் பிளாக் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். தெரியாத வீட்டுக் கதவையும் தட்டிக் கொடுத்தாள்.

அவனுக்குப் பெல்ட் வேலை. மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு ஓயாமல் ஓடும் நீளமான பெல்ட்டின் ஓரமாக நடந்து, கீழே சுழலும் ரோலர்களைக் கவனிக்க வேண்டும். எது சூடாகிறது, எது கத்துகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தூசியிலும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போவான். குடிக்க மாட்டான். பீடி, சிகரெட் கிடையாது. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் செக்‌ஷனில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவனை 2017-ஆம் வருஷம் நாங்கள் சாகக் கொடுத்திருப்போம். காரணம், செல்போனில் பணம் வைத்து ஆடும் ரம்மி. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எதையும் மறைக்காதக்கா. ஆளு பாக்க லட்சணமா இருப்பான்னு மட்டும் ஒரு வரி சேத்துக்க" என்றான். சேர்த்துவிட்டேன்.

ஆரம்பித்தது ஷிப்ட் பஸ்ஸில். நெட் மலிவான சமயம் அது. பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். சிலர் படம் பார்ப்பார்கள், சிலர் ரம்மி ஆடுவார்கள். சேர்ந்ததுமே ஆடுவதற்குக் கொஞ்சம் பணத்தை அந்த ரம்மி கம்பெனியே போட்டுவிடும். தம்பி ஜெயித்தான். அந்தப் பணத்தில் பொண்டாட்டி இசைப்பிரியாவுக்குக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தான், எனக்கு ஒரு சேலை எடுத்தான். "ஒக்காந்த எடத்துல சம்பாதிக்கிறான் எம் புள்ள" என்று அம்மா குழாயடியில் பெருமை பேசினாள். எங்கள் பிளாக்கில் ஒரு ஆம்பளை கெட்டுப்போகிறானா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் எங்களுக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து வருகிறவன் வாயை மோந்து பார்ப்பது. தம்பி வாயில் வாடை இல்லை. அதனால் யாருக்கும் கவலை இல்லை.

ஒரு நாள் இசைப்பிரியா அவர்களுடைய மகள் யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணி, என் சங்கிலி பேங்க் லாக்கர்ல இருக்குன்னு சொல்லிகினு இருந்தாருல்ல? நான் பேங்குக்கே போயி கேட்டுட்டேன். அவரு பேர்ல லாக்கரே இல்லயாம். அந்த ஆபீசரு என்னிய பாத்த பார்வை இருக்கே, நான் என்னமோ கொள்ளையடிக்க வந்தவ மாதிரி."

சங்கிலி மட்டுமில்லை, யாழினிக்குக் காது குத்தியபோது போட்ட நகையும் அடகுக்குப் போயிருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பதறவில்லை. போனைத் திறந்து காட்டினான்.

"இங்க பாருக்கா. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல ஆட முடியாதுன்னு அதுலயே பூட்டு போட்டு வெச்சிருக்கேன். அளவோடதான் ஆடறேன். வுட்டத புடிச்சதும் நிறுத்திடுவேன்."

அவன் காட்டியது நிஜம். பூட்டு இருந்தது. அது விழுந்தவுடன் வேறொரு ரம்மிக்குப் போனான், அதிலும் விழுந்தால் இன்னொன்றுக்குப் போனான். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு விஷயம் போனதும் அவள் ஒரே முடிவாகச் சொன்னாள்: "கயிறு கட்டணும்."

எங்கள் பக்கத்தில் குடிகாரர்களுக்குக் கயிறு கட்டுவது வழக்கம். குறிஞ்சிப்பாடி போகும் வழியில் வயலுக்கு நடுவே இருக்கும் ஒரு அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். இன்ன மாதம் வரை தொட மாட்டேன் என்று சாமி முன்னால் சொல்ல வேண்டும். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டுவார். கெடு முடிந்ததும் வந்து அவிழ்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் தொட்டால் சாமி சும்மா விடாது. இப்படிக் கட்டி, அதோடு குடியை விட்டவர்களும் உண்டு. அதனால் இதை நான் பழிக்கவில்லை.

ஆவணி மாதம் போனோம். வரிசையில் எல்லோரும் குடிக்காக வந்தவர்கள். பூசாரி தனகோடி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளப் பாத்தா குடிக்கிறவன் மாதிரி தெரியலியே. என்னா, பிராந்தியா, சாராயமா?"

"போனுங்க" என்றான் தம்பி.

"போனா?"

"போன்ல சீட்டாட்டங்க."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். "அதுக்கும் கயிறு கட்டுவாங்களா? அப்ப எம் பொண்டாட்டிக்கும் ஒண்ணு கட்டுங்க சாமி, எந்நேரமும் சீரியலு." தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

அம்மா சிரிக்கவில்லை. யாழினியை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "சாமி மேல சத்தியம் செஞ்சா பத்தாது. புள்ள தலையில கை வெச்சி சொல்லட்டும்."

பூசாரியே தடுத்தார். "பச்சப்புள்ள மேலல்லாம் வேணாம்மா. சாமி மேல சொன்னா போதும்."

"சாமி மேல சத்தியம் பண்ணவனுங்கதான் சாயங்காலமே கடையில நிக்கறானுங்க. புள்ளைன்னாதான் பயப்படுவான்."

தம்பி யாழினி தலையில் கை வைத்து, வருகிற ஆடி முடியும் வரை ரம்மி ஆட மாட்டேன் என்றான். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, "அப்பா, இப்ப நான் ஒன் தலையில வெக்கிறேன்" என்று குழந்தை கையைத் தூக்கியது. மஞ்சள் தடவிய கயிறு தம்பி மணிக்கட்டில் ஏறியது.

கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தான். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தான், சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் ஆடவில்லை. கயிறு வேலை செய்கிறது என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பிறகு ஒரு மெசேஜ் வந்தது. நீங்கள் வராததால் உங்களுக்கென்று பரிசுப் பணம் எடுத்து வைத்திருக்கிறோம், இன்றைக்குள் வந்து ஆடுங்கள் என்று. தம்பி ஆடினான். பரிசும் போனது, அதோடு கையிலிருந்ததும் போனது. இது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த ஐப்பசியில் எங்கும் டெங்கு. யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. தம்பி வார்டு வாசலை விட்டு நகரவில்லை. சோறு கொண்டுபோனால் வேண்டாம் என்றான். யாழினியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "என்னா பாசம் பாரு அந்த மனுசனுக்கு" என்று அந்த வார்டு நர்ஸ் இசைப்பிரியாவிடம் சொல்லியிருக்கிறார்.

குழந்தை பிழைத்தது. வீட்டுக்கு வந்த அன்று அம்மா சூடம் ஏற்றி, தம்பி மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கயிறுதான் எம் பேத்திய காப்பாத்திச்சி. நீ மட்டும் சத்தியத்த மீறி இருந்தா, இன்னேரம் புள்ள மண்ணுக்குப் போயிருக்கும்."

அம்மா நல்லதாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவனால் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் போனது. ஆடிவிட்டேன் என்று சொன்னால், குழந்தையைக் கொல்லப் பார்த்தவன் நான்தான் என்று சொன்னதாகிவிடும். சொல்லவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. சங்கிலியை மீட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மேலும் ஆடினான். கையில் கயிற்றோடுதான் ஆடினான்.

கார்த்திகையில் ஒரு பகல். கேன்டீனில் சாப்பாட்டு நேரம் முடிந்து பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் செக்‌ஷன் ஃபோர்மேன் இசக்கிமுத்து உள்ளே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நெய்வேலிக்கு வந்து முடி நரைத்தும் பேச்சு மாறாதவர்.

"யம்மா அன்புக்கரசி, கைய கழுவிட்டு வா. ஒன் தம்பி பெல்ட்டு கிட்ட வேலிக்குள்ள உக்காந்திருக்கான். கூப்ட்டா வரமாட்டேங்கான்."

ஜீப்பில் கூட்டிப்போனார். யாரும் போகக் கூடாத அந்த வேலிக்கு உள்ளே, பெல்ட்டை ஒட்டித் தம்பி உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்துப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருந்தான். பெல்ட் ஓடவில்லை. இசக்கிமுத்துதான் நிறுத்தியிருந்தார். ஒரு பெல்ட் நின்றால் அதன் பின்னால் வரும் எல்லாம் நிற்கும். ஏன் நின்றது என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "ரோலர்ல ஒரு சத்தம் கேக்கு சார், பாத்துட்டிருக்கேன்" என்று அவர் ஒவ்வொரு தடவையும் அதே பொய்யைச் சொன்னார்.

நான் வேலி ஓரமாக உட்கார்ந்தேன். "இங்க ஏண்டா ஒக்காந்திருக்க?"

"சும்மாதாங்க்கா."

"எழுந்து வா. சாப்டலாம்."

அவன் என்னைப் பார்க்காமல் கேட்டான்: "அக்கா, டூட்டில ஆளு செத்தா வூட்டுக்காரிக்கு வேல குடுப்பாங்கல்ல? இசை டிகிரி முடிச்சிருக்கா. ஆபீஸ் வேலையாவே குடுப்பாங்க. குவார்ட்டர்ஸும் காலி பண்ண வேணாம்."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல் கேட்டான். பெர்மனென்ட் ஆள் வேலையில் இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புருஷன் போன வேலைக்கு அவன் டிபன் பையையே எடுத்துக்கொண்டு போகிற பெண்கள் எல்லா பிளாக்கிலும் இருக்கிறார்கள். நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை என் தம்பி எடுத்து, தன்னை முடித்துக்கொள்ள வழியாக வைத்திருந்தான். பெர்மனென்ட் ஆகாமல் இருந்திருந்தால் இந்த எண்ணமே வந்திருக்காது.

அதற்குள் இசக்கிமுத்து வேலியருகே வந்தார்.

"ஏலே, இங்க பாரு. செத்தா விசாரணைன்னு ஒண்ணு வரும். மொதல்ல என்னத்தான் கேப்பாங்க. அவனாத்தான் உள்ள போயி உக்காந்தான், நான் கூப்ட்டும் வரலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வேலையும் வராது, ஒரு மண்ணும் வராது. எம் மூஞ்சியப் பாரு. போடுவேனா மாட்டேனா?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "போடுவீங்க" என்றான்.

"அப்பம் எந்திரி. எனக்கு மேலருந்து போன் வந்துட்டே இருக்கு."

அவனால் எழ முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. இருவரும் கைகொடுத்து வெளியே இழுத்தோம். ஜீப்பில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தான். கயிறு கட்டிய பிறகும் ஆடியதை, அதனால்தான் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது என்று அவன் நம்பியதை அப்போதுதான் சொன்னான். இசக்கிமுத்து தன் போனிலிருந்து 104-க்கு அடித்தார். அது அரசாங்கத்தின் மருத்துவ உதவி எண். பேசிய பெண் தம்பியிடமே நிதானமாகப் பேசினார், இன்று அவரைத் தனியாக விடாதீர்கள் என்று எங்களிடமும் சொன்னார். தம்பியை என் வீட்டுக்குக் கூட்டிவந்தோம், இசக்கிமுத்துவும் அன்று அங்கேயே இருந்தார். "உங்க வீட்டு ரசத்துக்கு நானே செத்துப்போவேன் போலயே" என்று தம்பியைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வடலூர் வழியாகக் கடலூர் போனோம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு. டாக்டர் கருணாகரன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். விட்ட பணத்தைப் பிடிக்கவென்றே திரும்ப ஆடினீர்களா? வீட்டில் மறைத்தீர்களா? ஆடாத நாளில் எரிச்சல் வருகிறதா? எல்லாவற்றுக்கும் தம்பி ஆமாம் என்றான். சாக வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்டபோது என்னைப் பார்த்தான். பிறகு அதற்கும் ஆமாம் என்றான்.

"அளவு வெச்சி ஆடிப் பாத்தீங்க, நிக்கல. அப்ப உங்களுக்கு அளவுங்கறதே கிடையாது. அறவே வேணாம்" என்றார் டாக்டர். குடியைப் போலவே இதுவும் ஒரு நோய்தான், வைத்தியம் உண்டு என்றார். தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். பக்கத்து அறையில் ஒரு ஆலோசகர் பெண், ஆடிய கம்பெனி ஒவ்வொன்றுக்கும் என் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுங்கள், திரும்பச் சேர்க்காதீர்கள் என்று அவன் கையாலேயே எழுதி அனுப்ப வைத்தார். சம்பளக் கணக்கின் கார்டு இசைப்பிரியாவிடம், தம்பிக்குப் பட்டன் போன் என்று முடிவானது. வாரம் ஒரு தடவை வந்து பேச வேண்டும்.

கடைசியில் அந்த ஆலோசகர் சொன்னதுதான் தம்பிக்குக் கஷ்டமாக இருந்தது. "மறுபடி ஆடிட்டா அன்னிக்கே வீட்ல சொல்லிடணும். மறைக்க ஆரம்பிச்சீங்கன்னா திரும்ப அதே வேலிக்குத்தான் போவீங்க. இதுவரைக்கும் ஆடினதையும் சொல்லிடுங்க."

"பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவேங்க. அம்மாகிட்ட எப்படிங்க?"

"எப்படியாவது" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அவன் குவார்ட்டர்ஸில் எல்லோரும் இருந்தோம். தம்பி தரையில் உட்கார்ந்து, குனிந்த தலையோடு சொன்னான். கயிறு கட்டிய அடுத்த மாதமே ஆடியது, குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும் ஆடியது, வேலிக்குள் உட்கார்ந்தது என்று எல்லாவற்றையும் சொன்னான்.

இசைப்பிரியா, "காய்ச்சலு கொசு கடிச்சி வந்துச்சி. பிளாக்ல பாதி புள்ளைங்களுக்கு வந்துச்சி. அவங்க அப்பனுங்கல்லாம் ரம்மியா ஆடினானுங்க?" என்று கேட்டாள். "ஒன்னால வந்தது நீ என்கிட்ட சொன்ன பொய் மட்டுந்தான். அதுக்கு மட்டும் அழு."

அம்மா எழுந்து வந்து அவன் முதுகில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். "தெரிஞ்சே புள்ள தலையில கொள்ளி வெச்சியேடா." நான் கையைப் பிடித்ததும் என்னையும் உதறிவிட்டுத் துணியை மூட்டை கட்டினாள். ஊரில் இருக்கும் எங்கள் சித்தி விருத்தாம்பாள் வீட்டுக்குப் போனாள். அங்கேதான் இன்றும் இருக்கிறாள். நானும் யாழினியும் போனால் பேசுகிறாள். தம்பி போனால் சோறு போடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. அவன் எதிரிலேயே சுவரைப் பார்த்து, "சாப்டறவங்கள கொழம்பு ஊத்திக்கச் சொல்லு" என்பாள்.

கயிற்றைத் தானாக அறுக்க அவனுக்குப் பயம். கெடுவுக்கு முன்னாலேயே நானும் அவனும் கோயிலுக்குப் போனோம். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று அவன் சொன்னதும் தனகோடி கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டிகினு போறவன்ல பாதி பேரு நடுவுல குடிச்சிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கெடுவுக்கு வந்து அவுத்துகினு போறான். ஒருத்தனும் வந்து சொன்னதில்ல. நீதான்யா மொத ஆளு." கயிற்றை அவிழ்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அன்றைக்கு அவர் தட்சிணை வாங்கவில்லை.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சங்கிலி திரும்பவில்லை. தம்பி ஓவர்டைம் பார்க்கிறான், இசைப்பிரியா டியூஷன் எடுக்கிறாள், இன்னும் கடன் அடையவில்லை. செக்‌ஷனில் சிலர் அவனைக் கண்டால் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனாலும் அவனுக்கு அது வலிக்கிறது. வாரா வாரம் கடலூர் போனான், பிறகு மாதம் ஒரு தடவை என்று ஆனது.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு மதியம். கேன்டீனில் கூட்டம். தம்பி தட்டோடு வரிசையில் வந்து என் எதிரில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, காலையில பஸ்ல ஒருத்தன்கிட்ட போன் வாங்கி ஆடிட்டேன்."

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. பின்னாலிருந்து ஒருவர், "என்னாண்ணே, குடும்பக் கதைய அப்புறம் பேசக்கூடாதா? சோறு ஆறுது" என்றார்.

"இசைகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸ வுட்டு எறங்கினதுமே சொல்லிட்டேன். அப்ப வேலை இருக்குன்னு வெச்சிட்டா. இப்ப அவளே கூப்ட்டா. திட்டிகினு இருக்கா, இன்னும் முடிக்கல."

சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினான். உள்ளே இசைப்பிரியாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "சொரண கெட்ட மனுசா, எங்க போன, கேக்குதா இல்லியா, நாளைக்கே கெளம்பற, கடலூருக்கு…"

நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். "இசை, நான்தான். நாளைக்கு எனக்கு லீவு. நானே கூட்டிகினு போறேன். நீ இன்னும் கொஞ்சம் திட்டு, அவன் நின்னு கேட்டுகினுதான் இருக்கான்" என்று சொல்லிப் போனை அவனிடம் கொடுத்துவிட்டு, தட்டில் சோறு வைத்தேன்.